விழா முதலில், புத்தகம் பிறகு

மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றை முறையாகத் தேடத் தொடங்கும் ஒருவர், வெகு சீக்கிரத்தில் ஜொகூரின் வடமேற்கு மூலைக்கு, லேடாங் மலையின் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார். அங்கே தங்காக் என்று ஒரு சிறு பட்டணம். வெளியூர்க்காரர்களுக்கு அது துணிக்கடைகளின் ஊர். பெருநாள் நெருங்கினால் மூவார், மலாக்கா, சிகாமட் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து துணி எடுத்துப் போவார்கள். சுற்றுவட்டாரத்தில் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள். இப்போது பெரும்பாலும் செம்பனை. அந்த ஊரில் வாழ்ந்த மா. இராமையாதான் 1978-இல் 'மலேசியத் தமிழ் இலக்கிய வரலாறு' என்ற நூலைக் கொண்டுவந்தவர். 1996-இல் அவருடைய 'மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றுக் களஞ்சியம்' வந்தது. இன்றைக்கும் மலேசியத் தமிழ் எழுத்தைப் பற்றி ஆய்வேடு எழுதும் மாணவர் அந்தப் பெயரைத் தொடாமல் முதல் அத்தியாயத்தைத் தாண்டுவது கடினம்.

தலைநகரத்திலிருந்து இவ்வளவு தள்ளி இருந்த ஒருவரால் இதை எப்படிச் செய்ய முடிந்தது? அவர் பட்டியலிட வேண்டியிருந்த நூல்கள் எப்படிப்பட்டவை என்று பார்த்தால் விடை கிடைக்கிறது. அவற்றில் மிகப் பல, கடையில் விற்கப்படாதவை. எழுதியவரே காசு போட்டு அச்சடித்து, ஒரு மண்டபத்தில் வெளியிட்டு, கையோடு கையாகக் கொடுத்துத் தீர்த்தவை. இராமையாவும் அந்த உலகத்துக்காரர்தான். 1953-இல் மா. செ. மாயதேவனும் அவரும் தங்கள் கதைகளைச் சேர்த்து 'இரத்ததானம்' என்று ஒரு தொகுப்புக் கொண்டுவந்தார்கள். இரண்டு இளைஞர்கள், ஒரு புத்தகம். அந்தத் தலைமுறையில் மலாயாவில் கதை எழுதியவர்களுக்கு, கதையைப் புத்தகமாக்குவது எழுதுவதைவிடப் பெரிய வேலையாக இருந்தது. அந்த வேலையின் ஒவ்வொரு படியையும் தானே ஏறி இறங்கிய ஒருவருக்குத்தான் மற்றவர்களின் புத்தகங்கள் எந்த வீட்டு அலமாரியில் கிடக்கும் என்று தெரியும்.

இந்த ஊரை மனத்தில் வைத்துக்கொண்டே, உலகத்தின் பல நகரங்களில் இப்போது நடக்கும் ஒரு விழாவைப் பற்றி எழுத விரும்புகிறேன். தானே எழுதி, தானே வரைந்து, தானே மடித்துத் தைத்த சிற்றேடுகளை மேசையில் பரப்பிவைத்து, வருகிறவர்களோடு பேசி விற்பதும், பண்டமாற்றாகக் கொடுத்து வாங்குவதுமான விழா. ஆங்கிலத்தில் இந்த ஏடுகளை 'ஸீன்' என்கிறார்கள். 'மேகஸீன்' என்ற சொல்லின் வால்பகுதி அது. 1930-களில் அமெரிக்காவில் அறிவியல் புனைகதை வாசகர்கள் தமக்குள் சுற்றுக்கு விட்ட ஏடுகளிலிருந்து இந்த வழக்கம் வளர்ந்தது. 1930-இல் சிக்காகோவில் வந்த 'தி காமெட்' அவற்றுள் முதலாவதாகக் கருதப்படுகிறது. 1976-இல் லண்டனில் மார்க் பெர்ரி என்ற வங்கி எழுத்தர், தான் விரும்பிய பங்க் இசையைப் பற்றி எந்தப் பத்திரிகையும் ஒழுங்காக எழுதவில்லை என்ற கோபத்தில் 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற ஏட்டைத் தட்டச்சு செய்து, தலைப்புகளைத் தடித்த பேனாவால் எழுதினார். முதல் இதழ் சுமார் ஐம்பது பிரதிதான். அதன் பிறகு நகலெடுக்கும் இயந்திரம் இருந்த ஊரெல்லாம் இப்படிப்பட்ட ஏடுகள் முளைத்தன. கோலாலம்பூரிலும் ஜோ கிட் நடத்திய 'ஏடிஸ்' போன்றவை அந்த வழியில் வந்தவையே. இந்தியாவில் 2017 முதல் மும்பையில் இதற்கென்றே ஒரு விழா நடத்தியிருக்கிறார்கள்.

இந்த ஏட்டின் மிக எளிய வடிவத்தை எந்தப் பள்ளிப் பிள்ளையும் ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். ஒரு ஏ4 தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் ஒருமுறை மடித்துப் பிரியுங்கள். அகலவாக்கில் இரண்டாக, பிறகு நான்காக மடித்துப் பிரியுங்கள். தாளில் இப்போது எட்டுக் கட்டங்கள். நடுக்கோட்டில், இடையிலிருக்கும் இரண்டு கட்டங்களின் நீளத்துக்கு மட்டும் கத்தரியால் ஒரு கீறல். தாளை மறுபடி நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் கீறல் வாயைத் திறந்து சதுரமாகும். இன்னும் தள்ளினால் கூட்டல் குறி போல் நான்கு இதழ் விரியும். அவற்றை ஒருபக்கமாகச் சாய்த்து அழுத்தினால் அட்டையோடு எட்டுப் பக்கப் புத்தகம். பசை இல்லை, நூல் இல்லை, ஊசி இல்லை. எழுதியதெல்லாம் தாளின் ஒரே பக்கத்தில் இருப்பதால், பிரித்து விரித்து நகலெடுத்தால் நூறு பிரதி ஆகிவிடும். முதல்முறை செய்கிறவர்கள் எல்லாரும் ஒரு தவறு செய்வார்கள். கட்டங்களில் மேல்வரிசை எழுத்தைத் தலைகீழாக எழுத வேண்டும் என்பதை மறந்துவிடுவார்கள். மடித்துப் பார்த்துவிட்டு, ஐயோ என்று சிரித்து, இன்னொரு தாளை எடுப்பார்கள்.

இதைப் புதிது என்று நினைத்துத் தமிழ் வாசகர் தள்ளி நிற்க வேண்டியதில்லை. நம்மிடம் இதற்குப் பழைய பெயர் இருக்கிறது: கையெழுத்துப் பத்திரிகை. சென்ற நூற்றாண்டின் முதற்பாதியில் தமிழ்நாட்டில் பள்ளி விடுதிகளிலும் படிப்பகங்களிலும் இது பரவலாக இருந்தது. நன்றாகக் கையெழுத்து வருகிறவர் ஒருவர் எழுதுவார். ஓவியம் தெரிந்தவர் அட்டை போடுவார். பெரும்பாலும் ஒரே ஒரு பிரதிதான். அது வீடு வீடாகச் சுற்றி வரும். சில ஏடுகளின் கடைசிப் பக்கங்களை வெறுமையாக விட்டிருப்பார்கள். படித்தவர் அதில் தம் கருத்தை எழுதிக் கையெழுத்திட்டு அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். ஏடு ஊரைச் சுற்றி ஆசிரியரிடம் திரும்பி வரும்போது விமர்சனத்தோடு சேர்ந்தே வரும். 1940-களின் தொடக்கத்தில் திருவாரூரில் மாணவராக இருந்த மு. கருணாநிதி 'மாணவ நேசன்' என்ற ஏட்டை இப்படித்தான் கையால் எழுதி நடத்தினார். 1942 ஆகஸ்ட் 10-ஆம் தேதி அவர் தொடங்கிய 'முரசொலி'க்கு முன்னோடி அது.

அச்சுக்கு வந்த பிறகும் அந்தக் கைவேலைக் குணம் விட்டுப்போகவில்லை. சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' தொடங்கினார். 1970 வரை 119 இதழ்கள். தமிழ்ப் புதுக்கவிதை நிலைபெற்ற இடம் அது. ஆனால் செல்லப்பாவை நேரில் கண்டவர்கள் முதலில் நினைவுகூர்வது அவர் தோளில் தொங்கிய பையைத்தான். தாம் பதிப்பித்த நூல்களைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக நடந்து விற்றவர். தம் கடைசிப் பெரும்படைப்பான 'சுதந்திர தாக'த்தையும் 1997-இல், எண்பத்தைந்து வயதை நெருங்கும்போது, மூன்று பாகமாகத் தாமே பதிப்பித்தார். அடுத்த ஆண்டு மறைந்தார். 2001-இல் அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா முடிதிருத்தும் கடையில் வேலை பார்த்தவர். 1966-இல் 'மல்லிகை' தொடங்கி 46 ஆண்டுகளில் 400 இதழ்களுக்கு மேல் கொண்டுவந்தார். இதழை அவரே சைக்கிளில் எடுத்துப் போய்க் கையில் கொடுத்து விற்பார். இதழைக் கையில் வாங்குகிறவர் ஆசிரியரோடு இரண்டு வார்த்தை பேசாமல் வாங்க முடியாது. சந்தா என்பது அங்கே ஓர் அறிமுகம்.

இவற்றையெல்லாம் விட, ஸீன் என்ற வடிவத்துக்கு மிக நெருக்கமாக வந்தவை ஐரோப்பாவில் ஈழ அகதிகள் நடத்திய ஏடுகள். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, நார்வே நாடுகளில் போய் ஒதுங்கியவர்களுக்குத் தமிழில் அச்சுக்கோக்க அங்கே வசதி இருக்கவில்லை. கையால் எழுதினார்கள், கிடைத்த தட்டச்சுப் பொறியில் தட்டினார்கள், நகலெடுத்து ஸ்டேப்பிள் பின் அடித்துத் தபாலில் போட்டார்கள். ஜெர்மனியில் 'தூண்டில்', நார்வேயில் 'சுவடுகள்', பெண்களுக்காக 'சக்தி', சுவிட்சர்லாந்தில் 'மனிதம்', பிரான்சில் 'ஓசை', பின்னர் 'அம்மா', 'எக்ஸில்' என்று பட்டியல் நீளும். பகலில் உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு இரவில் பக்கம் வடிவமைத்தவர்கள் அவர்களில் பலர். போரைப் பற்றியும் இயக்கங்களைப் பற்றியும் வேறெங்கும் எழுத முடியாததை இந்த ஏடுகளில் எழுதினார்கள். 1988-இல் ஜெர்மனியில் 'இலக்கியச் சந்திப்பு' தொடங்கியது. அதற்குத் தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, அலுவலகம் இல்லை. ஒரு நகரத்தில் கூடுவார்கள். அடுத்ததை எந்த நகரத்தார் நடத்துவது என்று அங்கேயே முடிவு செய்வார்கள். ஒரு பக்கம் காரசாரமான வாதம், ஒரு பக்கம் புத்தகமும் இதழும் பரப்பிய மேசை, சமையலறையில் கூட்டுச் சமையல். 2013-இல் அது யாழ்ப்பாணத்துக்கே போய்க் கூடியது. சிற்றேட்டு விழா என்ற பெயர் மட்டும்தான் அதற்கு இல்லை.

மலேசியாவுக்கு வருவோம். இந்த மண்ணிலும் தமிழ் அச்சுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1887-இலேயே சிங்கப்பூரில் மகுதூம் சாயபுவின் 'சிங்கை நேசன்' வந்தது. 1917-இல் க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன்' நாவல். 1930-இல் கிள்ளானில் வே. சின்னையா பிள்ளையின் 'நவரச கதா மஞ்சரி'. போருக்குப் பிறகு நாளிகைகளே பள்ளிக்கூடங்களாயின. 1950-51-இல் 'தமிழ் நேச'னில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தி எழுத்தாளர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் வைத்தார்கள். 'தமிழ் முரசு' மாணவர் மணிமன்றம் என்ற பகுதியைத் தொடங்க, அது தோட்டங்களிலும் பட்டணங்களிலும் மன்றங்களாகப் பரவியது. 1952 முதல் 1957 வரை 'தமிழ் நேச'னில் இருந்த கு. அழகிரிசாமி, எழுதுகிறவர்களைக் கூட்டி வைத்து எழுத்தைப் பற்றிப் பேசினார். இராமையா போன்றவர்கள் எழுதத் தொடங்கிய காலத்தின் காற்று அது.

ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இவ்வளவு உற்சாகம் இருந்தும், தமிழ்நாட்டில் 'எழுத்து', 'நடை', 'கசடதபற' என்று வரிசையாக வந்ததைப் போலவோ, இலங்கையில் 'மல்லிகை', 'அலை' என்று வந்ததைப் போலவோ, மலேசியாவில் சிற்றிதழ் ஒரு தொடர்ச்சியான மரபாகக் காலூன்றவில்லை. இங்கே ஊன்றியது தனி நூல். சிறுகதைத் தொகுப்பு, கவிதைத் தொகுப்பு, நாவல். ஏன் இப்படி?

வாசகர் எண்ணிக்கை குறைவு, நாளிகைகளின் ஞாயிறு பதிப்பே கதைக்கும் கவிதைக்கும் இடம் கொடுத்துவிட்டது ஆகியவை வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள். அவற்றை மறுக்கவில்லை. எனக்கு இன்னொரு காரணம் வலுவாகத் தெரிகிறது: சட்டம். 1984-ஆம் ஆண்டின் அச்சு இயந்திரங்கள் மற்றும் வெளியீடுகள் சட்டத்தின்படி, பருவ இதழ் எதற்கும் உள்துறை அமைச்சின் பெர்மிட் வேண்டும். அந்தச் சட்டத்தின் வரையறை மிக அகலமானது. விற்பனைக்கானாலும் சரி, இலவசமாகக் கொடுப்பதானாலும் சரி. ஒழுங்கான இடைவெளியில் வந்தாலும் சரி, நினைத்தபோது வந்தாலும் சரி. சஞ்சிகை, காமிக்ஸ் எல்லாம் அதற்குள் அடங்கும். பெர்மிட் இல்லாமல் நடத்தினால் 3 ஆண்டுவரை சிறையோ 20,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். 2012-இல் சட்டம் திருத்தப்படும்வரை ஆண்டுதோறும் பெர்மிட்டைப் புதுப்பிக்கவும் வேண்டியிருந்தது. அதற்கு முன்னும் 1948 முதல் வேறு வடிவில் கட்டுப்பாடு இருந்ததுதான். தோட்டத்துப் பள்ளி ஆசிரியரோ, தங்காக் மாதிரி ஊரில் குடும்பம் நடத்தும் ஓர் எழுத்தரோ, இருநூறு பிரதிக்காக இந்தப் படிகளை ஏறத் துணிவாரா? ஆனால் ஒருமுறை மட்டும் வரும் புத்தகத்துக்கு அந்தப் பெர்மிட் தேவையில்லை. அச்சகத்தின் பெயரும் முகவரியும் வெளியிட்டவர் பெயரும் அச்சிட்டிருந்தால் போதும். நீர் எந்தப் பக்கம் பள்ளமோ அந்தப் பக்கம் ஓடும் என்பார்கள். மலேசியத் தமிழ் எழுத்து நூலை நோக்கி ஓடியதில் இந்தச் சட்டத்தின் பங்கு நாம் ஒப்புக்கொள்வதைவிடப் பெரிது என்பது என் கணிப்பு.

நூலை அச்சடித்துவிடலாம், விற்பது எப்படி? இங்கேதான் நம்மவர்கள் ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள், அல்லது ஏற்கனவே இருந்த வழியை இதற்குத் திருப்பிக்கொண்டார்கள். கல்யாணத்தில் மொய் எழுதுகிற சமூகம் இது. ஒரு குடும்பத்தால் தனியாகத் தாங்க முடியாத செலவை ஊர் கூடித் தாங்கும் ஏற்பாடுதானே மொய். நூல் வெளியீட்டு விழா அதன் இலக்கிய வடிவம்.

மலேசியாவில் அதைக் காணாதவர்களுக்காக ஒரு விழாவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இடம், தமிழ்ப்பள்ளி மண்டபம் அல்லது கோயில் மண்டபம். நேரம், ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு. வாசலில் வெள்ளைத் துணி விரித்த மேசை, அதில் சந்தனம், கல்கண்டு, பக்கத்தில் அடுக்கிய நூல்கள். மேசைக்குப் பின்னால் எழுத்தாளரின் மகளும் மருமகளும். வருகிறவர் உறையை நீட்டுவார். நூலின் விலை 25 வெள்ளி என்றால் உறைக்குள் 50 இருக்கும், சிலதில் 100 இருக்கும். யாரும் அங்கே பிரித்துப் பார்ப்பதில்லை. கடவுள் வாழ்த்து, தமிழ் வாழ்த்து, குத்துவிளக்கு. பிறகு நூலாய்வு. அதற்குப் பிறகு 'முதல் நூல் பெறுதல்'. ஊரின் தொழிலதிபர் ஒருவரோ டத்தோ பட்டம் பெற்ற ஒருவரோ மேடையேறி, தட்டில் வைத்த முதல் பிரதியை வாங்கி, ஒரு தொகையை அறிவிப்பார். கைதட்டல். அவரைத் தொடர்ந்து இயக்கங்களின் தலைவர்கள், பழைய மாணவர்கள், எழுத்தாளரோடு ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர்கள் வரிசையாக மேடைக்கு வருவார்கள். அச்சகத்துக்குத் தர வேண்டிய பாக்கி அந்த ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் அடைந்துவிடும். பின்பக்கம் மீஹூன், கறிபாஃப், சாயத் தேநீர்.

இந்த விழாவில் புத்தகம் முதலில் வந்து விழா பிறகு வருவது போலத் தோன்றும். பொருளாதாரக் கணக்கில் பார்த்தால் நேர் எதிர். விழா நடக்கும், ஊர் வரும் என்ற நம்பிக்கையில்தான் எழுத்தாளர் கையெழுத்துப் படியை அச்சகத்துக்கே கொண்டுபோகிறார். கடை இல்லை, விநியோகம் இல்லை, பதிப்பகம் இல்லை. அவற்றின் இடத்தில் ஒரு மண்டபமும் இருநூறு நாற்காலியும். உலகத்தில் வேறெங்கும் தனிப்பதிப்புக்கு இவ்வளவு நீண்டகாலம் ஒரு சமூகம் தோள்கொடுத்து வந்திருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். ஆசிரியர்கள், எழுத்தர்கள், தோட்டத்துக் கிராணிகள், கூலிகளின் பிள்ளைகள் எழுதியதெல்லாம் அச்சில் நின்றது இதனால்தான். இராமையாவின் களஞ்சியத்துக்குள் இடம்பெற இத்தனை பெயர்கள் கிடைத்ததற்கும் இதுவே காரணம். அந்த மண்டபங்களைக் கேலி பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

அதனால்தான் அதன் குறையையும் மனம் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது. மொய் எழுதியவர் சாப்பாட்டை ருசி பார்த்துத்தான் எழுதினார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உறை கொடுத்து வாங்கிய நூலும் அப்படித்தான். வாங்குவது அன்பு, படிப்பது வேறு வேலை. பல வீடுகளில் நூல்கள் சுவாமி படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கின்றன, முதுகு மடங்காமல். நூலாய்வுக்கு வருபவர் வாழ்த்திவிட்டு இறங்குவார். வாழ்த்தாமல் இறங்கினால் வீட்டு விசேஷத்தில் குறை சொன்னதாகிவிடும். ஓர் எழுத்தாளருக்குத் தம் மூன்றாவது நூலில் என்ன தவறு என்று யாரும் சொல்லாமலேயே ஏழாவது நூல் வெளிவந்துவிடுகிறது. இன்னொன்று, மேடை. நூலைவிட மேடையில் யார் யார் என்பது முக்கியமாகிவிடும்போது, பதினாறு வயதுப் பெண் ஒருத்தி தன் கவிதைகளோடு அந்த வாசல் வழியாக நுழைய முடியாது. அவளுக்கு டத்தோவைத் தெரியாது. சில ஆயிரம் வெள்ளி அச்சுச் செலவைப் போட ஆளும் இல்லை.

இந்த இடத்தில்தான் வேறு வழி தேடியவர்கள் வந்தார்கள். ம. நவீனும் நண்பர்களும் 2007-இல் 'வல்லினம்' இதழை அச்சில் தொடங்கினார்கள். கே. பாலமுருகன் 'அநங்கம்' நடத்தினார். வல்லினம் 2009-இல் இணையத்துக்கு மாறியது. அதே ஆண்டில் தன் கலை இலக்கிய விழாவையும் தொடங்கியது. அந்த இதழின் நிலைப்பாடுகள் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் விமர்சனம் என்பதை மறுபடி மேசைமேல் எடுத்து வைத்தது அது என்பதை மறைக்க மாட்டேன். மலாய் மொழியிலும் இதே காலத்தில் ஓர் அலை எழுந்தது. 2011-இல் அமீர் முகமது தொடங்கிய 'புக்கு ஃபிக்ஸி'யும் அதைப் போன்ற சிறு பதிப்பகங்களும், பெரிய கடைகளுக்கு வெளியே, சந்தைகளிலும் தனி விழாக்களிலும் மேசை போட்டு இளைஞர்களைப் புத்தகத்துக்கு இழுத்தன. எழுத்தாளரே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். வாங்க வந்த பையன் அடுத்த ஆண்டு தன் சொந்த மேசையோடு வருவான்.

சிற்றேட்டு விழாவின் உயிர் அந்த மேசையில் இருக்கிறது. மேடை இல்லாத விழா அது. எல்லா மேசையும் ஒரே உயரம். ஏட்டின் விலை இரண்டு வெள்ளி, மூன்று வெள்ளி. காசில்லாதவர் தன் ஏட்டைக் கொடுத்து இன்னொருவர் ஏட்டை வாங்கிக்கொள்ளலாம். விலை இவ்வளவு குறையும்போது ஒரு முக்கியமான மாற்றம் நேர்கிறது. வாங்குவதில் மரியாதைக்கு வேலை இல்லாமல் போகிறது. இரண்டு வெள்ளிக்கு யாரும் யாரையும் கௌரவிப்பதில்லை. பிடித்தால்தான் எடுப்பார்கள், பிடிக்காவிட்டால் வைத்துவிட்டு நகர்வார்கள். எழுதியவர் கண்ணெதிரில் அது நடக்கும். வலிக்கும். நம் வெளியீட்டு விழாக்களில் எழுத்தாளருக்குக் கிடைக்காமல் போன பாடம் அந்த வலிதான்.

தங்காக்கில் இப்படி ஒன்று நடந்தால் எப்படி இருக்கும் என்று அடிக்கடி யோசிக்கிறேன். துணிக்கடைக்காரர்களிடம் கட்டு முடியும்போது மிஞ்சும் வெட்டுத் துண்டுகள் இருக்கும். அவற்றை வாங்கி அட்டைக்கு ஒட்டினால் ஒவ்வொரு பிரதியும் ஒரு நிறம். ஊரில் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. ஜாலான் சியாலாங் தமிழ்ப்பள்ளியின் பிள்ளைகளுக்கு அந்த எட்டுப் பக்க மடிப்பைக் கற்றுக்கொடுக்க ஒரு காலைப்பொழுது போதும். அவர்கள் எதை எழுத வேண்டும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. தலைப்பு வேண்டுமானால் பாட்டி இருக்கிறார். எந்தத் தோட்டத்தில் எத்தனையாவது லயத்தில் பிறந்தார், பால்மரம் வெட்டப் போகும்போது தலைவிளக்கில் என்ன ஊற்றினார்கள், தோட்டம் கைமாறி லயங்கள் இடிக்கப்பட்டபோது சாமியை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள். சுற்றியிருந்த எத்தனையோ தோட்டங்கள் இன்று வரைபடத்தில் பெயராகக்கூட இல்லை. அவற்றைப் பற்றிப் பெரிய பதிப்பகம் எதுவும் புத்தகம் போடப் போவதில்லை. முப்பது பிரதி ஏடு போடும். மண்டபத்தைச் சுற்றி மேசைகள். நடுவில் பாட்டிமார்களுக்கு நாற்காலி. தம்மைப் பற்றிப் பேரன் எழுதியதை அவர்களே கையில் வைத்து, "நான் இப்படியா சொன்னேன்? மாடசாமி கோயில் ஆத்துக்கு அந்தப் பக்கம்டா" என்று திருத்தட்டும். பழைய கையெழுத்துப் பத்திரிகையின் கடைசி வெற்றுப் பக்கம் அதற்காகத்தானே இருந்தது.

பெர்மிட் சிக்கலை நினைத்துத் தயங்க வேண்டாம் என்று நான் எளிதாகச் சொல்லிவிட மாட்டேன்; தொடர் எண் போட்டு இதழாக நடத்துவதற்கும், ஒரு நாளுக்காக ஒருமுறை செய்யும் ஏட்டுக்கும் வேறுபாடு உண்டு என்பதை நடத்துகிறவர்கள் தெரிந்து செய்ய வேண்டும். பள்ளியை வைத்துச் செய்தால் பாதி வழி சுலபம்.

செய்த ஏடுகளைப் பாதுகாப்பதில்தான் நாம் எப்போதும் கோட்டை விடுகிறோம். பழைய கையெழுத்துப் பத்திரிகைகளில் பெரும்பாலானவை கறையானுக்குப் போயின. ஐரோப்பிய அகதி ஏடுகளும் அப்படியே போயிருக்கும். ஈழத்தவர் 2005-இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் அவற்றில் பலவற்றை வருடி (ஸ்கேன் செய்து) வைத்துக் காப்பாற்றியது. தமிழ்நாட்டில் கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்தது, அவர் மறைந்தபின் 1994-இல் சென்னையில் ஆய்வு நூலகமானது. பொள்ளாச்சி நசன் சிற்றிதழ்களைத் தேடித் தேடிச் சேர்த்து வருடி இணையத்தில் ஏற்றினார். எல்லா இடத்திலும் ஒரு மனிதர் வீட்டு அறையிலிருந்துதான் இது தொடங்கியிருக்கிறது. மலேசியச் சட்டத்திலும் இதற்கு உதவியான ஒரு விதி உண்டு. 1986-ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, இந்நாட்டில் அச்சிட்டு வெளியாகும் நூலின் 5 பிரதிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். நம் எழுத்தாளர்களில் பலர் அதைச் செலவு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஐம்பது ஆண்டு கழித்துத் தேடி வருகிறவர் கைக்கு அந்த ஐந்தில் ஒன்றுதான் கிடைக்கும்.

முப்பது பிரதியில் ஐந்தை நூலகத்துக்கு அனுப்பிவிட்டு, ஒன்றைப் பள்ளி அலமாரியில் வைத்து, அதையே வருடி இணையத்தில் ஏற்றலாம். இருபத்து நான்கு பிரதி மிஞ்சும். தங்காக்கின் ஒரு மண்டபத்துக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு, அது சரியாக இருக்கும்.